ஓட்டுகிறவன் ஓடுவது

இருபத்திரண்டு வருடமாக நூற்றுப் பதினேழாம் தடம்.
ரிபெய்ராவில் ஏற்றி
ஃபோஸ் வழியாக மத்தோசின்யோஸில் இறக்கிவிடுவேன்.
போகும்போது இடப்பக்கம் டோரு ஆறு,
ஆறு தீர்ந்த இடத்தில் அட்லாண்டிக்.
வண்டி நகர்ந்ததே தவிர
நான் நகர்ந்ததில்லை.

ஜூனில், சாவ் ஜுவாவ் விழா நெரிசலில்
பச்சைத் தொப்பிக்காரி ஒருத்தி
ஐந்து நிறுத்தம் வரை எனக்கு முன்னாலேயே ஓடினாள்.
எனக்குக் கீழே இருநூற்றெண்பது குதிரைகள்.
அவளுக்கு இரண்டே முழங்கால்,
அதில் ஒன்றில் கட்டு வேறு.
மறுநாள் ஓட்டக் காலணி வாங்கினேன்.
வீட்டில் பாதி விலை சொன்னேன்.

பதினாறு வாரத் திட்டம்
ஃப்ரிட்ஜ் கதவில், மத்தி மீன் காந்தத்துக்குக் கீழே.
செவ்வாய் எட்டு, வியாழன் பன்னிரண்டு,
ஞாயிறு நெடுந்தூரம்.
"இதுக்கும் ஓவர்டைம் உண்டா?" என்றாள் கிராசியெட்.
செப்டம்பருக்குள் பெருவிரல் நகம் கறுத்து உதிர்ந்தது.
மார்க்காம்பில் பிளாஸ்திரி ஒட்டுவதை
மகன் பார்த்துவிட்டான்.
நாங்கள் அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

மற்றவர்கள் கைக்கடிகாரம் பார்த்து ஓடுகிறார்கள்.
எனக்குத் தூரம் என்றால் நிறுத்தம்தான்.
கலங்கரை விளக்கம் வரை பதினெட்டு.
மூச்சு முட்டுவது எப்போதும் பதினொன்றில்,
பழைய டிராம் கொட்டகைக்கு எதிரே.

பணிமனை ஓய்வறைத் தொலைக்காட்சியில்
பெர்லினோ சிகாகோவோ ஓடும் ஞாயிறுகளில்
எல்லோரும் ஜெயிக்கப் போகிறவனைப் பார்ப்பார்கள்.
நான் அவனுக்கு முன்னால் ஓடுபவனை.
இங்கே அவனை முயல் என்போம்.
வேகம் பிடித்துக் கொடுக்கக் கூலிக்கு வந்தவன்.
காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு
முப்பதாவது கிலோமீட்டரில் ஒதுங்குவான்.
கேமரா அவனோடு ஒதுங்காது.
முயல்வதோடு அவன் வேலை முடிந்தது.
அப்புறம் எப்படி வீட்டுக்குப் போவான்?
வியர்வை ஆறாமல், கையில் காசில்லாமல்,
தடுப்புப் போட்ட தெருக்கள் வழியாக?
ஒடேட்டிடம் கேட்டேன்.
"பஸ்ஸில்தான், வேறெதில்?" என்றாள்.

முப்பத்திரண்டு என்று எழுதியிருந்த ஞாயிறு
மழை படுக்கைவாட்டில் பெய்தது.
இருபத்தொன்பதில் கால் கல்லானது.
கல் என்பதுகூடச் சரியில்லை,
கல் நேராக நிற்கும்.
நூற்றுப் பதினேழு பக்கத்தில் வந்து நின்றது.
கதவு புஸ்ஸென்று திறந்தது. ஒடேட்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் துடைப்பான்கள் மட்டும்
இல்லை இல்லை என்று ஆடிக்கொண்டிருந்தன.
ஏறினேன்.
டிக்கெட்டுக்குக் காசில்லை.
"கணக்கில் வைக்கிறேன்" என்றாள்.

வாழ்நாளில் முதன்முறையாக என் தடத்தில் பயணி:
மூன்றாவது வரிசை, நீர் சொட்டச் சொட்ட.
எதிரே ஒருத்தி தன் மீன் பையை
என் ஈரத்திலிருந்து நகர்த்திக்கொண்டாள்.
நான் இத்தனை வருடம் திருப்பிய திருப்பங்கள்
உட்கார்ந்தவர்களின் இடுப்பில்
இப்படித்தான் இடித்திருக்கின்றன.

அன்றைய கட்டத்தை நான் அடிக்கவுமில்லை, நிரப்பவுமில்லை.
இருபத்தொன்பது என்று எழுதி
பக்கத்தில் ஒரு பஸ் வரைந்தேன்.

பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம்.
நேற்று விடியாத நேரம், ஃபோஸ் வருவதற்கு முன்,
கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தத்தளித்துக்கொண்டு
சாலையோரம் ஒரு பையன் ஓடினான்.
கடலிலிருந்து நேர் எதிர்க்காற்று.
நான் ஹாரன் அடிக்கவில்லை. கதவு திறக்கவில்லை.
அவனுக்குச் சற்று முன்னால் போய்
மணிக்குப் பத்து கிலோமீட்டரில் வண்டியை வைத்தேன்.
மின்சார வண்டி, புகையில்லை.
பின்னால் காற்றில்லாத ஒரு துண்டு இடம்.
பையன் முதலில் சந்தேகப்பட்டான்.
பிறகு அதற்குள் வந்தான்.
பக்கக் கண்ணாடியில்
அவன் தோள்கள் இறங்குவது தெரிந்தது.

உள்ளே யாரோ மணியை இரண்டு முறை அழுத்தினார்கள்.
"நேரமாகுது, அமாந்தியு!"
"கொஞ்சம் பொறுங்கள்" என்றேன்,
"கலங்கரை விளக்கத்தில் ஒதுங்கிவிடுவேன்."